யோகாசனப் பயிற்சியில் துணைக்கருவிகள்: உடல் நேரமைவும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

யோகாசனப் பயிற்சியில் மரக்கட்டை, வார், போர்வை, திண்டு, கயிறு, நாற்காலி ஆகியன இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றை நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் மட்டுமே உரிய சலுகை எனக் கருதுவோர் ஒருபுறம் உளர். இவை இருந்தால் எந்த ஆசனமும் இடரற்றதாகிவிடும் என நம்புவோர் மறுபுறம் உளர். இவ்விரு கருத்துகளும் போதுமானவை அல்ல என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. யோக மரபில் துணைப்பொருள்கள் பெற்றிருந்த இடம், இருபதாம் நூற்றாண்டில் பி.கே.எஸ். ஐயங்கார் அவற்றை வளர்த்தெடுத்த முறை, அவை உடலில் செயற்படும் வகை, அவற்றின் எல்லை ஆகியன முறையே ஆராயப்படுகின்றன. துணைக்கருவி உடலின் சுமையை இடம் மாற்றுகிறது. எந்தச் சுமை நீங்கியது, எந்தச் சுமை எஞ்சியது என்பதை ஆசிரியர் அறிந்திருக்கும்போதே அது பாதுகாப்பாகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: யோகாசனம், துணைக்கருவி, நேரமைவு, யோகபட்டம், பி.கே.எஸ். ஐயங்கார், சர்வாங்காசனம், சிரசாசனம், பாதுகாப்பு.

முன்னுரை

பள்ளி, கல்லூரி, அலுவலகம், முதியோர் இல்லம் எனப் பல இடங்களிலும் யோகாசனம் இன்று கற்பிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21ஆம் நாளை உலக யோகா நாளாக 2014இல் அறிவித்த பின்னர் இப்பரவல் மேலும் விரைவு பெற்றது. கற்போர் தொகை பெருகும்போது உடல்வேறுபாடுகளும் பெருகுகின்றன. நெகிழ்வான உடல்கொண்ட பன்னிரண்டு அகவைச் சிறுமியும், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் ஐம்பது அகவை அலுவலரும் ஒரே ஆசனத்தை ஒரே வகையில் செய்தல் இயலாது. எனினும், பாடநூலில் உள்ள ஒளிப்படமே இருவர்க்கும் அளவுகோலாக வைக்கப்படுகிறது.

இவ்வாய்வாளர் இளங்கலை பயின்ற காலத்தில் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் சர்வாங்காசனம் வெறுந்தரை விரிப்பில் கற்பிக்கப்பட்டது. அதன் பின்னர்ப் பல வாரங்கள் கழுத்துவலி நீடித்தது. தோளின்கீழ்ப் போர்வை மடித்து வைத்துக்கொள்ளலாமா என வினவியபோது, அது உடல் வளையாதவர்களுக்கு உரியது என்னும் விடையே கிடைத்தது. துணைக்கருவி என்பது இயலாமையின் அடையாளமா, ஆசனத்தைப் பிழையின்றி அமைப்பதற்கான கருவியா என்னும் வினா அன்று தொடங்கியது. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று நோக்கிலும் உடலியக்க நோக்கிலும் அணுகுகிறது.

துணைக்கருவி, நேரமைவு: சொற்பொருள்

ஆசனம் செய்பவரின் உடலுக்குப் புறத்தே இருந்து, ஆசனத்தின் அமைப்பையோ அதில் தங்கும் கால அளவையோ மாற்றும் பொருள் எதுவாயினும் அதனைத் துணைக்கருவி எனலாம். இவ்வரையறையின்படி சுவரும் தரையும்கூடத் துணைக்கருவிகளே. பயிற்சி நிலையங்களில் வழங்கும் மரக்கட்டை ஏறத்தாழ 23 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் 7.5 செ.மீ. தடிமனும் உடையது. அதனைப் படுக்கவைத்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் நெட்டுக்குத்தாக நிறுத்தியும் மூன்று உயரங்களைப் பெறலாம்.

நேரமைவு என்னும் சொல் உடலை நேர்க்கோட்டில் நிறுத்துவதை மட்டும் சுட்டுவதன்று. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமையைத் தாங்கி, மூட்டுகள் தம் இயல்பான அசைவெல்லைக்குள் நின்று, மூச்சு தடையின்றி நிகழும் அமைப்பே நேரமைவு. ஆகவே அது ஒவ்வோர் உடலுக்கும் வேறுபடும். ஒருவரின் நேரமைவை மற்றொருவரின் ஒளிப்படத்தைக்கொண்டு அளத்தல் பொருந்தாது.

யோக மரபில் துணைப்பொருள்கள்

துணைக்கருவிகள் அண்மைக்காலச் சேர்க்கை என்னும் கருத்து பரவலாக உள்ளது. நூற்சான்றுகளும் சிற்பச்சான்றுகளும் இக்கருத்தை முழுமையாக ஏற்கவிடவில்லை. பகவத்கீதையின் ஆறாம் இயல், யோகம் பயில்வோன் அமர வேண்டிய இருக்கையை விளக்குமிடத்துத் தருப்பைப் புல், மான்தோல், துணி ஆகியவற்றைக் கூறுகிறது. இருக்கை மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ இருத்தலாகாது எனவும் வரையறுக்கிறது. அமர்வுக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு அன்றே உணரப்பட்டிருந்தமை இதனால் தெளிவாகிறது.

பதஞ்சலியின் யோகசூத்திரம் ஆசனத்துக்கு உறுதியும் இன்பமும் ஆகிய இரண்டையே இலக்கணமாகச் சொல்கிறது. அதற்கு வியாசர் பெயரால் வழங்கும் உரை சில ஆசனங்களைப் பட்டியலிடுகிறது. பத்மாசனம், வீராசனம், தண்டாசனம் முதலியவற்றுடன் சோபாசிரயம் என்பதும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. துணையோடு கூடியது என்பது அச்சொல்லின் பொருள். பின்னர் அவ்வுரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிசிரர், யோகபட்டத்தைப் பயன்படுத்தி அமர்தல் என அதனைத் தெளிவுபடுத்துகிறார். துணைகொண்டு அமர்தல் தனியோர் ஆசனமாகவே எண்ணப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

யோகபட்டம் தமிழகத்துக்குப் புதியதன்று. யோக நரசிம்மர், யோக தட்சிணாமூர்த்தி, ஐயப்பன் ஆகிய திருவுருவங்களில் முழங்கால்களையும் இடுப்பையும் சுற்றிச் செல்லும் பட்டையைக் காணலாம். இப்பட்டை அணிகலன்போலத் தோன்றினும் அதற்குரிய செயல் உண்டு. முழங்கால்கள் வெளிப்புறம் சரியாமலும் முதுகு பின்னோக்கிச் சாயாமலும் அது தாங்குகிறது. தசைகள் செய்ய வேண்டிய பணியின் ஒரு பகுதியைத் துணி ஏற்றுக்கொள்கிறது. கைக்குத் தாங்கலாக விளங்கிய யோகதண்டமும் இவ்வகையினதே.

பிற்காலத்துக்கும் சான்றுகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ஹடாப்பியாச பத்ததி என்னும் வடமொழி நூல் கயிற்றின் உதவியால் செய்யும் ஆசனங்களை விவரிக்கிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் உருவான ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆசனங்கள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. கயிற்றாசனங்களும் அவற்றுள் அடங்கும்.

எனினும் இச்சான்றுகளைக்கொண்டு இன்றைய மரக்கட்டையும் நாற்காலியும் தொன்மையானவை எனக் கூறிவிடுதல் தவறு. யோகபட்டத்தின் நோக்கம் நெடுநேர அமர்வு. கயிற்றாசனங்களின் நோக்கம் உடல்வலிமையும் திறனும். ஓர் ஆசனத்தில் ஒவ்வொரு மூட்டும் எந்நிலையில் இருத்தல் வேண்டும் என ஆராய்ந்து, அந்நிலையைப் பலவகை உடல்களும் எய்துமாறு கருவியமைத்தல் இருபதாம் நூற்றாண்டின் பங்களிப்பாகும். மரபு துணைப்பொருளை விலக்கவில்லை என்பதும், இன்றைய பயன்பாடு புதிய நோக்குடையது என்பதும் ஒருங்கே உண்மையாகும்.

பி.கே.எஸ். ஐயங்காரின் பங்களிப்பு

பி.கே.எஸ். ஐயங்கார் 1918 டிசம்பர் 14இல் கருநாடகத்தின் பெள்ளூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிவுற்ற அவர், தம் தமக்கையின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் யோகம் பயின்றார். 1937இல் யோகம் கற்பிப்பதற்காகப் புனே நகருக்கு அனுப்பப்பட்டார். 1966இல் வெளிவந்த அவருடைய 'லைட் ஆன் யோகா' என்னும் நூல் ஏறத்தாழ 600 ஒளிப்படங்களுடன் 200 ஆசனங்களை விளக்கியது. 1975இல் அவர் புனேயில் ரமாமணி ஐயங்கார் நினைவு யோக நிறுவனத்தைத் தொடங்கினார்.

1966ஆம் ஆண்டு நூலின் ஒளிப்படங்களில் துணைக்கருவிகள் அரிதாகவே தென்படுகின்றன. ஆசனத்தின் முழுநிலையே அங்குக் காட்டப்படுகிறது. ஆனால் அவருடைய நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் சுவர்க்கயிறுகளும் மரச்சட்டங்களும் வளைந்த பலகைகளும் மடக்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. நூல் காட்டிய முழுநிலைக்கும் வகுப்பில் வந்து நின்ற உடல்களுக்கும் இடையிலான தொலைவை இக்கருவிகளே நிரப்பின. தொடக்கத்தில் செங்கல் போன்ற எளிய பொருள்களைக்கொண்டு அவர் தம் உடலிலேயே ஆய்ந்தார். முதுகுச் சாய்வை நீக்கிய மடக்கு நாற்காலி, பின்வளைவு ஆசனங்களுக்கும் சர்வாங்காசனத்துக்கும் உரிய கருவியாயிற்று. 1970களின் இறுதியில் ஊர்தி விபத்தால் அடிபட்ட பின்னர், இழந்த ஆசனங்களை மீட்கத் தாமே அக்கருவிகளை நாட வேண்டியவரானார்.

அவருடைய ஆசிரியரான கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து 1989இல் மறையும்வரை அங்கேயே கற்பித்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். இச்சென்னை மரபு, உடல் எய்த இயலாத ஆசனத்தைப் பெரிதும் ஆசனத்தையே மாற்றி அணுகியது. முழங்காலை மடக்கிக் குனிதல் அதற்கு எளிய சான்று. புனே மரபு ஆசனத்தின் அமைப்பை மாற்றாமல் தரையை உயர்த்தியது. ஒரே ஆசிரியர் வழிவந்த இவ்விரு மரபுகளும், உடலை ஆசனத்துக்காக வருத்துதல் கூடாது என்னும் ஒரே முடிவுக்கு இருவேறு வழிகளில் வந்தன எனலாம்.

துணைக்கருவி செயற்படும் முறை

துணைக்கருவிகளின் பயனை மூன்றாகப் பகுக்கலாம். அவை எட்டுந்தொலைவைக் குறைத்தல், சுமையை இடம் மாற்றுதல், உடல்நிலையை உணர்த்துதல் என்பன. இவற்றை ஆசனங்கள் சிலவற்றின்வழி விளக்கலாம்.

*அ. எட்டுந்தொலைவைக் குறைத்தல்*

திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடுதல் வேண்டும் என்பதே பலர் கற்ற பாடம். தொடையின் பின்தசைகளும் உட்பக்கத் தசைகளும் இறுகியிருப்பவர் கையைத் தரைக்குக் கொண்டுசெல்ல முயலும்போது இடுப்பெலும்பு ஓரளவுக்குமேல் சாய்வதில்லை. எஞ்சிய தொலைவை முதுகெலும்பு வளைந்து ஈடுசெய்கிறது. அதனால் மேல்தோள் முன்னோக்கி உருள்கிறது. மார்பு தரையை நோக்குகிறது. முன்காலின் முழங்கால் பின்னோக்கி அழுந்துகிறது. கை தரையைத் தொட்டுவிடுகிறது, ஆசனம் கலைந்துவிடுகிறது.

நெட்டுக்குத்தாக நிறுத்திய மரக்கட்டை தரையை 23 செ.மீ. உயர்த்துகிறது. கைக்கு ஊன்றுமிடம் கிடைத்தவுடன் முதுகு நீள்வதற்கும் மார்பு பக்கவாட்டில் திரும்புவதற்கும் இடம் உண்டாகிறது. பயிற்சியால் தசைகள் நீள நீளக் கட்டையின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அமர்வு நிலைகளுக்கும் இது பொருந்தும். தொடைப் பின்தசை இறுகியவர் காலை நீட்டித் தரையில் அமரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிந்து கீழ்முதுகு கூனுகிறது. அந்நிலையிலேயே பச்சிமோத்தானாசனத்துக்குக் குனிந்தால் வளைவு முழுவதும் கீழ்முதுகின் இடைத்தட்டுகளில் விழுகிறது. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் அறிஞர் நாக்கெம்சன் 1960களிலும் 1970களிலும் நிகழ்த்திய அளவீடுகள் இங்குக் கருதத்தக்கன. நிற்கும்போது இடைத்தட்டில் உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், அமர்ந்து முன்னோக்கிக் குனியும்போது அது 185 அளவுக்கு உயர்வதாக அவர் கண்டார். நிமிர்ந்து அமரும் நிலை பற்றிய அளவு பிற்கால ஆய்வுகளில் திருத்தம் பெற்றது. குனிதலால் அழுத்தம் மிகும் என்னும் முடிவு நிலைபெற்றது. மடித்த போர்வை இரண்டின்மேல் அமர்ந்தால் இடுப்பெலும்பு நிமிர்கிறது. பாதங்களைச் சுற்றிய வாரைப் பற்றினால் முதுகை வளைக்காமல் இடுப்புமூட்டிலிருந்து குனிய இயலும்.

எலும்புப்புரை நோய் உடையவர்களுக்கு இது வெறும் வசதி குறித்த செய்தியன்று. மாதவிடாய் நின்றபின் முதுகெலும்பில் எலும்புப்புரை கண்ட 59 பெண்களை ஆராய்ந்து சினாக்கியும் மிக்கெல்சனும் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களுள் 16 விழுக்காட்டினர்க்கும், குனியும் பயிற்சி செய்தவர்களுள் 89 விழுக்காட்டினர்க்கும் முள்ளெலும்புகளில் புதிய அழுத்தமுறிவு காணப்பட்டது. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிதாயினும், இத்தகையோர்க்கு முதுகு கூனும் ஆசனங்களைக் கற்பித்தலில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

*ஆ. சுமையை இடம் மாற்றுதல்*

சர்வாங்காசனம் இதற்கு மிகத் தெளிவான சான்றாகும். வெறுந்தரையில் தோளும் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க, உடல் செங்குத்தாக நிற்கிறது. அப்போது கழுத்துக்கும் உடலுக்கும் இடையில் ஏறத்தாழ 90 பாகை வளைவு தேவைப்படுகிறது. நலமுள்ள ஒருவரின் கழுத்து முன்னோக்கி வளையும் இயல்பான அளவோ ஏறத்தாழ 50 பாகையே. மேல்முதுகின் வளைவு ஓரளவு ஈடுசெய்தாலும் எஞ்சிய தேவை கழுத்தின் பின்புற நார்களை அவற்றின் எல்லைவரை இழுக்கிறது. உடலின் சுமையும் அந்நிலையிலேயே அங்கு இறங்குகிறது.

மடித்த போர்வைகளைத் தோளின்கீழ் அடுக்கி, தலையைத் தரையில் வைத்தால் கழுத்து தோளிலிருந்து தலையை நோக்கிக் கீழ்ச்சாய்வாக அமைகிறது. அடுக்கின் உயரம் 7 செ.மீ. எனவும், தோளின் விளிம்பிலிருந்து தலை தரையைத் தொடும் இடம்வரை 15 செ.மீ. எனவும் கொண்டால், அச்சாய்வு ஏறத்தாழ 28 பாகையாகும். அதாவது கழுத்து வளைய வேண்டிய அளவு 90 பாகையிலிருந்து ஏறத்தாழ 62 பாகையாகக் குறைகிறது. இஃது எளிய வடிவக் கணக்கு. உடலுக்கு உடல் இவ்வெண் மாறும். ஆயினும் நான்கு போர்வைகள் செய்யும் மாற்றம் எத்துணைப் பெரியது என்பதை அது காட்டுகிறது. சுமை கழுத்திலிருந்து தோள்களுக்கும் மேற்கைகளுக்கும் மாறுகிறது. முழங்கைகள் அகலாதவாறு மேற்கைகளைச் சுற்றி ஒரு வாரை அணிந்தால் அத்தாங்கல் மேலும் உறுதிபெறும்.

*இ. உடல்நிலையை உணர்த்துதல்*

ஆசனத்தில் இருக்கும் ஒருவர் தம் முதுகைக் காண இயலாது. நேராக இருப்பதாக அவர் உணர்வதும் உண்மையில் இருக்கும் நிலையும் பலவேளைகளில் வேறுபடுகின்றன. திரிகோணாசனத்தைச் சுவரில் முதுகுபடச் செய்தால், தோளெலும்பு சுவரைவிட்டு விலகும் கணத்திலேயே பிழை தெரிந்துவிடும். தொடைகளுக்கிடையில் பற்றிய மரக்கட்டை நழுவினால் கால்கள் செயலிழந்தமை புலப்படும். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் சென்று கைதொட்டுத் திருத்த இயலாத பெரிய வகுப்புகளில் சுவரும் கட்டையும் ஆசிரியரின் பணியில் பங்கேற்கின்றன. மாணவர் உடலைத் தொடாமலேயே திருத்த இயலுதல் இதன் மற்றொரு நன்மையாகும்.

இம்முறையில் அமைந்த பயிற்சி மருத்துவ ஆய்வுகளிலும் இடம்பெற்றுள்ளது. மணிக்கட்டு நரம்பழுத்த நோயுடைய 42 பேரைக்கொண்டு கார்ஃபிங்கலும் பிறரும் நிகழ்த்திய ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. வாரம் இருமுறையாக எட்டு வாரங்கள் 11 ஆசனங்கள் பயின்றவர்களிடம் பிடிவலிமை மிகுந்தது, வலி குறைந்தது. நாட்பட்ட கீழ்முதுகுவலி உடைய 90 பேரை 24 வாரங்கள் ஆராய்ந்த வில்லியம்சு குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வும் ஐயங்கார் முறையால் வலியும் செயற்குறைபாடும் குறைந்ததாகக் கூறுகிறது. இவ்வாய்வுகள் பயிற்சிமுறை முழுவதையும் அளந்தன. துணைக்கருவியின் பங்கைத் தனியே பிரித்தளக்கவில்லை. ஆதலின் இவற்றைத் துணைக்கருவிக்கான நேரடிச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

துணைக்கருவியின் எல்லை: சிரசாசனம்

யோகப் பயிற்சியால் நேர்ந்த தீங்குகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து கிராமரும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 76 நேர்வுகள் இடம்பெற்றன. அவற்றுள் தனியோர் ஆசனமாக மிகுதியும் குறிக்கப்பட்டது சிரசாசனம். அமெரிக்காவில் 2001 முதல் 2014 வரை யோகத்தால் ஏற்பட்ட காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுகளை நாடிய நேர்வுகள் 29,590 என மதிப்பிடப்பட்டன. 65 அகவையைக் கடந்தோரிடையே அவற்றின் வீதம் பிற அகவையினரைவிட மிகுந்திருந்தது. பயில்வோர் தொகையோடு ஒப்பிட இவ்வெண்ணிக்கை சிறிது. எனினும் யார்க்கு, எந்த ஆசனத்தில் கவனம் வேண்டும் என்பதை இவை சுட்டுகின்றன.

பயிற்சி மிக்க 45 பேரைக்கொண்டு ஹெக்டரும் ஜென்சனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சிரசாசனத்தில் தலைமீது இறங்கும் உச்சச் சுமை உடலெடையில் 40 முதல் 48 விழுக்காடு எனக் கண்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கழுத்து 24 முதல் 29 கிலோ வரையிலான சுமையை ஏற்கிறது என்பது இதன் பொருள். சுவர்க்கயிற்றில் இடுப்பால் தொங்கியோ, இரு நாற்காலிகளின்மேல் தோள்களை ஊன்றியோ இவ்வாசனத்தைச் செய்தால் தலை எதையும் தொடுவதில்லை; கழுத்தின்மீதான சுமை நீங்குகிறது. இது துணைக்கருவியின் வெற்றி.

ஆனால் உடல் இன்னும் தலைகீழாகவே உள்ளது. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் சிரசாசனம் பயிலும் 75 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது எனக் காட்டியது. இவ்வுயர்வுக்குக் காரணம் தலை இதயத்துக்குக் கீழே இருத்தல். கயிறும் நாற்காலியும் அந்நிலையை மாற்றுவதில்லை. ஆகவே கண்ணழுத்த நோய் உடைய ஒருவர்க்குக் கயிற்றுச் சிரசாசனம் பாதுகாப்பானது எனக் கூறுதல் தவறு. அவர் கழுத்து காக்கப்படுகிறது, கண் காக்கப்படவில்லை.

ஓர் ஆசனம் உடலுக்குப் பல சுமைகளைத் தருகிறது. துணைக்கருவி அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ நீக்குகிறது; மற்றவை எஞ்சுகின்றன. எஞ்சிய சுமை எவர்க்கு ஆகாது என்பதை உரைப்பது கருவியின் பணியன்று, ஆசிரியரின் பணி.

பிழையான பயன்பாடுகள்

துணைக்கருவியே தீங்கு விளைவிக்கும் நேர்வுகளும் உண்டு. அவற்றுள் மூன்று கவனத்துக்குரியவை.

முதலாவது, நோக்கம் திரிதல். பச்சிமோத்தானாசனத்தில் முதுகு கூனாமல் இருப்பதற்காக வழங்கப்படும் வார், உடலை மேலும் வலிந்து இழுக்கும் கருவியாகிவிடுகிறது. அந்நிலையில் அது எட்டுந்தொலைவைக் குறைப்பதற்கு மாறாக இழுவிசையைக் கூட்டுகிறது.

இரண்டாவது, இடம் பிழைத்தல். சர்வாங்காசனத்தில் போர்வையின் விளிம்பு தோளுக்குக்கீழ் நிற்பதற்கு மாறாகக் கழுத்துக்குக்கீழ் சென்றால், கழுத்தின் இயல்பான வளைவு அழுத்தப்படுகிறது. போர்வை இல்லாதபோது இருந்த இடரைவிட இது கூடுதலாகலாம். அவ்வாறே பிட்டத்துக்குக்கீழ் உயரம் போதாத நிலையில் வீராசனத்தில் அமர்ந்தால் முழங்காலின் உட்பக்க நார்கள் வருந்தும்.

மூன்றாவது, பொருள் தகாமை. வழவழப்பான தரையில் மடக்கு நாற்காலி நழுவும். அதனைச் சுவரை ஒட்டி, வழுக்காத விரிப்பின்மேல் நிறுத்துதல் வேண்டும். மென்மையான நுரைக்கட்டை உடற்சுமையில் அமுங்குவதால், ஒற்றைக்காலில் நிற்கும் அர்த்த சந்திராசனத்துக்கு மரக்கட்டையே ஏற்றது. வீட்டுச் சாளரக் கம்பியில் கயிற்றைக் கட்டித் தொங்குதல் அறவே கூடாது. அக்கம்பிகள் உடலெடையைத் தாங்குவதற்காகப் பதிக்கப்பட்டவை அல்ல.

வகுப்பறை நோக்கில் சில கருத்துகள்

துணைக்கருவிகளுக்குப் பெரும்பொருட்செலவு வேண்டும் என்னும் தயக்கம் கல்வி நிறுவனங்களில் உண்டு. நெய்த அங்கவஸ்திரம் வாராகும். நான்காக மடித்த ஜமக்காளம் தோளுக்குத் தாங்கலாகும். துணி சுற்றிய செங்கல் கட்டையாகும். திண்டு நம் வீடுகளில் முன்பே உள்ளது. சுவர் எல்லா வகுப்பறைகளிலும் உண்டு. வேண்டுவது கருவிகளைவிட அவற்றைப் பயன்படுத்தும் அறிவே.

மதிப்பீட்டு முறையிலும் மாற்றம் தேவை. போட்டிகளிலும் செய்முறைத் தேர்வுகளிலும் உடல் எவ்வளவு வளைந்தது என்பதே பெரிதும் அளக்கப்படும் சூழலில், கட்டையைப் பயன்படுத்தும் மாணவர் தம்மைக் குறைந்தவராகவே எண்ணுவார். முதுகின் நீட்சி, மூச்சின் சீர்மை, நிலைத்திருக்கும் காலம் ஆகியவற்றையும் மதிப்பெண்ணுக்குரிய கூறுகளாகக் கொண்டால் அவ்வெண்ணம் மாறும். உறுதியும் இன்பமும் என்னும் பழைய இலக்கணத்துக்கு அதுவே நெருக்கமான அளவுகோலாகும்.

ஆசிரியர் ஒரு துணைக்கருவியை வழங்குமுன் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம். இவ்வாசனத்தில் இவர் உடலில் சுமை எங்கே விழுகிறது? இக்கருவி அதனை எங்கே மாற்றுகிறது? மாற்றியபின் எஞ்சும் சுமை இவர்க்கு ஏற்றதா? மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாதபோது அவ்வாசனத்தைத் தவிர்த்து, கால்களைச் சுவரில் ஊன்றிப் படுத்தல் போன்ற எளிய நிலையை வழங்குவதே முறை.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. யோக மரபு துணைப்பொருளை விலக்கவில்லை. சோபாசிரயம் என்னும் ஆசனப் பெயரும் யோகபட்டம் தாங்கிய திருவுருவங்களும் இதற்குச் சான்றுகள். மூட்டுகளின் நேரமைவை நோக்கமாகக்கொண்ட கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் பி.கே.எஸ். ஐயங்காரால் வளர்த்தெடுக்கப்பட்டவை.

2. துணைக்கருவிகள் எட்டுந்தொலைவைக் குறைக்கின்றன, சுமையை இடம் மாற்றுகின்றன, உடல்நிலையை உணர்த்துகின்றன. இம்மூன்றும் நெகிழ்வான உடலுடையோர்க்கும் பயன்படுவன.

3. துணைக்கருவி எல்லா இடர்களையும் நீக்குவதில்லை. கயிற்றுச் சிரசாசனம் கழுத்தைக் காத்தாலும் கண்ணழுத்த உயர்வைத் தடுப்பதில்லை.

4. நோக்கம், இடம், பொருள் ஆகியவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கருவியே தீங்குக்குக் காரணமாகலாம்.

ஒரே ஆசனத்தைத் துணைக்கருவியுடனும் அஃதின்றியும் செய்வித்து, மூட்டுக் கோணங்களையும் சுமைப்பகிர்வையும் ஒப்பிட்டளக்கும் ஆய்வுகள் மேலும் பெருகுதல் வேண்டும். உடற்கல்வி, மருத்துவம், தமிழியல் ஆகிய துறைகள் இணைந்தால் அவ்வாய்வு முடிவுகள் வகுப்பறை ஆசிரியர் எளிதில் படித்தறியும் தமிழில் கிடைக்கும். கழுத்துவலியோடு வந்து நிற்கும் மாணவர் ஒருவர்க்கு, போர்வையை எங்கே வைக்க வேண்டும் எனவும் ஏன் வைக்க வேண்டும் எனவும் ஆசிரியர் விளக்கும் நிலை உருவாதலே இத்தகைய ஆய்வுகளின் பயனாகும்.